கறுப்புத் துண்டு ஒட்டிய செல்லோ

என் அண்ணியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பெட்டியக்கா" என்றால்தான் தெரியும். ஆளைவிடப் பெரிதாக ஒரு பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு காலையில் ஒரு பக்கமும் மாலையில் இன்னொரு பக்கமும் போகிறவரை வேறு எப்படிச் சொல்வது? எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள், "அதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "செல்லோங்க" என்றார் அண்ணி. "செல்போனா? இவ்வளவு பெருசாவா?" என்று அவர் வாயைப் பிளந்ததை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

வயலினைத் தோளில் வைப்பார்கள். செல்லோவை உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். அதன் குரல் நெஞ்சுக்குக் கீழிருந்து வரும். அதை வாசித்தே அண்ணி குடும்பம் நடத்தியிருக்கிறார் என்றால் பலருக்கு நம்பிக்கை வராது. மாதச் சம்பளம் என்று ஒன்று அவர் கண்டதே இல்லை. யார் கூப்பிட்டாலும் போவார். ஒரு பருவம் முழுக்கப் பயணக் கப்பலில் வாசித்தார். கடல் கொந்தளித்த நாட்களில் செல்லோவைக் கட்டிலில் படுக்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு இவர் தரையில் உருண்டாராம். நாடகக் கொட்டகையில் மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து வாசித்தபோது கதாநாயகனின் செருப்பு கழன்று இவர் மடியில் விழுந்தது. வாசிப்பை நிறுத்தாமல் காலாலேயே அதை ஓரம் தள்ளினார். பற்பசை விளம்பரம் ஒன்றில் பல் பளிச்சிடும்போது ஒரு இழுப்பு கேட்கும்; அது அண்ணியின் வில். இரண்டு பள்ளிகளில் வகுப்பு எடுப்பார். மற்ற நேரம் வீட்டு முன்னறையில் மாணவர்கள். அவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். "வண்டியக் கூட நிறுத்திடுவேன், இந்த வில்ல நிறுத்த முடியலையே டீச்சர்" என்று தவிப்பார்.

இத்தனைக்கும் ஒரே செல்லோதான். கல்யாணமான புதிதில், வேறொரு ஊரிலிருந்த இசைக்கருவிக் கடையில் வாங்கியது. கடைக்கார முதியவர் அப்போதே தள்ளாடிக்கொண்டிருந்தார், பிறகு காலமாகிவிட்டார். "உங்க அண்ணனுக்கு முன்னாடியே இது என் வாழ்க்கையில வந்திருக்கணும்" என்று அண்ணி என்னிடம் சொல்வார். அண்ணன் கேட்காத மாதிரி பேப்பரைத் திருப்புவார்.

அண்ணிக்குக் கார் ஓட்ட வராது. எனக்குப் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. லீவு நாட்களில் அண்ணிக்கு டிரைவர் நான்தான். அதனால்தான் அந்தக் கல்யாண வரவேற்பில் நானும் இருந்தேன்.

பெரிய ஹோட்டலின் தோட்டத்தில் வரவேற்பு. அண்ணி சேர்ந்து வாசிக்கும் நால்வர் குழு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. முதல் வயலின்காரர்தான் குழுவுக்குத் தலைவர். வேலை பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். இரண்டு உருப்படி முடிந்து அண்ணி கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அப்போது பட்டுப் புடவையில் ஒரு அம்மா, கையில் பழரசக் குவளையோடு, நேராக அவரை நோக்கி வந்தார். மாப்பிள்ளைக்குச் சித்தி முறை, வங்கியில் அதிகாரி என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அவருக்கு 'பேங்க் அம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"இதைக் கொஞ்சம் திருப்புறீங்களா?" என்றார்.

ஏதோ ஆர்வத்தில் கேட்கிறார் என்று அண்ணி சிரித்தபடி செல்லோவின் முதுகைக் காட்டினார். கீழ்ப்பக்கத்தில் பிறை போல ஒரு பழைய தழும்பு உண்டு. அந்த அம்மா குனிந்து அதைத் தடவினார். பழரசம் புல்லில் கொட்டியது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என் தம்பியோடது. எங்க கார்ல இருந்து திருடினது. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

சத்தமாகத்தான் கேட்டார். பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"கடையில வாங்கினேங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆகுது" என்றார் அண்ணி.

"திருட்டுச் சாமான்னு தெரியாமலா வாங்குவாங்க? உள்ள பாருங்க. ஒரு விரிசல் இருக்கும். அது மேல சின்னச் சின்ன மரத்துண்டா வரிசையா ஒட்டியிருக்கும். நடுவுல ஒண்ணு மட்டும் கறுப்பு. ரிப்பேர்காரர்கிட்ட அன்னிக்கு வேற மரம் இல்ல. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

கொந்தளித்த கடலில் தாக்குப்பிடித்தவர், செருப்பு விழுந்தும் வாசிப்பை நிறுத்தாதவர், அன்று வில்லை மடியில் வைத்துவிட்டார். விருந்தினர்களில் யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். முதல் வயலின்காரர் எழுந்து, "அம்மா, நிகழ்ச்சி முடியட்டும், பேசிக்கலாம்" என்று சமாளித்தார். அப்புறம் அண்ணியின் காதில், "நீங்க இப்ப கிளம்பிடுங்க" என்றார். மூன்று பேராக மிச்சத்தை வாசித்தார்கள். நாங்கள் சமையலறை வழியாக வெளியேறினோம். எச்சில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி புடவை கூட மாற்றவில்லை. "சின்னவளே, உன் கிளினிக்ல பல்லுக்குப் பின்னாடி பாக்குற கண்ணாடி இருக்குமே, எடுத்துட்டு வா" என்றார். கொண்டுவந்தேன். செல்லோவின் மேல்பலகையில் வளைந்த துளைகள் இரண்டு இருக்கும். ஒரு துளையில் குச்சி விளக்கை விட்டு, இன்னொன்றில் கண்ணாடியை நுழைத்தேன். கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. தூசி. விரிசல். அதன் மேல் நகத்தளவு மரத்துண்டுகள். நடுவில் ஒன்று, கறுப்பு.

அண்ணியிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு உள்ள எட்டிப் பாக்கப் போறாங்க? இல்லைன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றார் அண்ணன். "நீ ஏன் போய்த் தலையக் குடுக்கிற?"

"நான் பாத்துட்டேனே" என்றார் அண்ணி.

அந்த வாரமே முதல் வயலின்காரர் போன் செய்தார். விஷயம் தெளிவாகும்வரை வேறு ஆளை வைத்துக்கொள்கிறாராம். ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்தும் வேலை ரத்து. ஒரு பள்ளியில் தலைமையாசிரியை கூப்பிட்டு, "பெத்தவங்க கேக்குறாங்க, கொஞ்ச நாள் லீவுல இருங்களேன்" என்று இழுத்தார். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு நல்ல பெயர்தான் நாற்காலி. அது ஒரே மாலையில் உருவப்பட்டுவிட்டது. யார் சொன்னார்கள், எப்படிப் பரவியது என்று புரியாமல் அண்ணி போனையே வெறித்துக்கொண்டிருப்பார். ரயில் ஓட்டுநர் மட்டும் வழக்கம் போல வந்து, "டீச்சர், நீங்க திருடினா நான் ரயிலத் திருடினவன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அண்ணி அன்றுதான் அழுதார்.

பிறகு ஹோட்டலில் விசாரித்துப் பேங்க் அம்மாவின் எண்ணை வாங்கி, அவரே கூப்பிட்டார். "கறுப்புத் துண்டு இருக்குங்க. உங்க தம்பிக்குச் சேர வேண்டியதுன்னா குடுத்துடுறேன்."

சண்டைக்குத் தயாராக இருந்த அந்த அம்மா இதை எதிர்பார்க்கவில்லை போலும். "ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. தம்பி கடையில வச்சுப் பேசலாம்" என்றார்.

தம்பி வைத்திருப்பது வண்ணமீன் கடை. சுவரெல்லாம் கண்ணாடித் தொட்டிகள், காற்றுக் குழாய்களின் குமிழிச் சத்தம், ஈர மணல் வாடை. நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் பேங்க் அம்மாவும் காரை நிறுத்தினார். கதவைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். நான்கு எட்டு வந்தவர் திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பின்கதவையும் இழுத்தார். எங்களைப் பார்த்து, "பழக்கம்" என்று சங்கடமாகச் சிரித்தார்.

கடை வாசலிலேயே அண்ணியிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பிக்கு அன்று இசைக் கல்லூரித் தேர்வு. அவன் டியூஷன் முடித்து பஸ்ஸில் வருவான், செல்லோவைக் காரில் இவர் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு. வழியில் அப்பாவுக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நிறுத்தினார். திரும்பி வந்தால் பின்கதவு திறந்திருக்கிறது, செல்லோ இல்லை.

"பூட்டும் உடையல, கண்ணாடியும் உடையல. அப்ப நீ தெறந்து போட்டுட்டுத்தானே போயிருக்கன்னு கேட்டார் அப்பா. நான் பூட்டின மாதிரிதான் ஞாபகம். ஆனா சத்தியம் பண்ண முடியல. எனக்கு வெளியூர்ல மேல்படிப்புக்கு இடம் கெடச்சிருந்துச்சு. ஒரு காரைப் பூட்டத் தெரியாதவள எப்படித் தனியா அனுப்புறதுன்னு நிறுத்திட்டார். தம்பி அதுக்கப்புறம் வில்லையே தொடல. ஒரு நல்ல கலைஞனைக் கெடுத்தவ நான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களக் கூட்டத்துல வச்சு அப்படிக் கேட்டது தப்பு. என் நெலமையில எனக்கு வேற எதுவும் தோணல."

தம்பி கையில் சிறு வலையோடு உள்ளிருந்து வந்தார். தலை நரைத்த, அமைதியான மனிதர். அக்கா ஏற்கெனவே போனில், "ஒரு அதிசயம் கொண்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாராம். அண்ணி தொட்டிகளுக்கு நடுவே பெட்டியைக் கிடத்தித் திறந்தார்.

"பாருடா! கெடச்சிடுச்சுடா!" என்று பேங்க் அம்மா சின்னப் பெண் போலக் கைதட்டினார்.

தம்பி பார்த்தார். கிட்டே வரவில்லை. வலையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் உறைந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அக்கா, அது திருடு போகல."

"என்னடா சொல்ற?"

"நான்தான் எடுத்தேன். அப்பா மேஜையில இருந்த இன்னொரு சாவிய எடுத்து வச்சிருந்தேன். கூட்டாளியோட வேன்ல உன் பின்னாடியே வந்தோம். வெளியூர்ல ஒரு கடையில தள்ளிட்டோம்."

பேங்க் அம்மா இன்னும் சிரித்த முகமாகவே நின்றார். சொன்னது காதில் விழுந்து முகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"எனக்கு அது வேண்டாம்க்கா. சின்ன வயசுல இருந்து ஸ்கூல் விட்டா அது, சாப்பிட்டா அது. அழுதா இன்னும் ஒரு மணி நேரம். அன்னிக்குப் பரீட்சைக்குப் போனா பாஸாயிடுவேன்னு தெரியும். பாஸாயிட்டா ஆயுசுக்கும் தப்பிக்க முடியாதுன்னும் தெரியும். காணாமப் போச்சுன்னா அப்பா விட்டுடுவார்னு நெனச்சேன். உன்னப் பிடிச்சுக்குவார்னு நெனைக்கல. அன்னிக்கே சொல்லணும்னு வந்தேன். அவர் கத்தின கத்துல பயந்துட்டேன். அப்புறம் நாள் போகப் போக வாயே வரல."

பேங்க் அம்மா பக்கத்திலிருந்த மணல் மூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நான் காரை…"

"நீ பூட்டிட்டுத்தான் போன."

"பூட்டினேனா?"

"பூட்டின. இழுத்தும் பாத்த. வேன்ல இருந்து நான் பாத்தேன்."

"நெஜமா பூட்டினேனா?"

இதையே அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பியைத் திட்டுவார், கையை ஓங்குவார் என்று பார்த்தால், அது ஒன்றும் இல்லை. வேறு எதுவுமே அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அண்ணி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணியைத் திருடி என்று ஊர் முன்னால் நிறுத்திய பெண் அவர் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "பூட்டியிருக்கேங்க, நான் பூட்டியிருக்கேன்" என்று சொன்னார்.

"நீங்களே வச்சுக்குங்க" என்று தம்பி சொல்லிவிட, செல்லோ அண்ணியோடு வீட்டுக்குத் திரும்பியது. அண்ணனிடம் சொன்னபோது, "கூடப் பொறந்தவனா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அதன் பிறகு வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார், ஏதோ நானும் எதையாவது எடுத்து ஒளித்து வைத்திருப்பது போல.

அண்ணி மேல் விழுந்த பழியைப் பேங்க் அம்மாவே துடைத்தார். கல்யாண வீட்டார், ஹோட்டல்காரர், முதல் வயலின்காரர் என்று ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டு, தவறு தன்னுடையது என்று சொன்னார். முதல் வயலின்காரர் உடனே அண்ணிக்குப் போன் போட்டார். "எல்லாம் சரியாயிடுச்சாமே! சனிக்கிழமை ஒரு வரவேற்பு இருக்கு, வந்துடுங்க."

"அன்னிக்கு எனக்கு ஆகாதுங்க" என்றார் அண்ணி. வந்த வேலையை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உண்மையில் சனிக்கிழமை அவருக்கு வேறு வேலை இருந்தது. பேங்க் அம்மாவின் அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாபகம் வந்து வந்து போகிற நிலை. "அப்பாகிட்ட சொல்லணும். வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டார். இதப் பாத்தா நம்புவார். கொண்டு வர முடியுமா?" என்று அந்த அம்மா கேட்டிருந்தார். தம்பியும் வருவதாகச் சொன்னாராம். தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார் பெரியவர். ஷேவ் செய்த முகம், பித்தான் மாற்றிப் போட்ட சட்டை. அண்ணி செல்லோவை வெளியே எடுத்ததும் அவர் கண் மாறியது. கை நீட்டினார். பிறைத் தழும்பைத் தேடிச் சரியாகத் தடவினார்.

"இது எங்க வீட்டுது" என்றார் பெரியவர் தெளிவாக. அண்ணியைக் கிட்டே வரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார். "பத்திரமா வச்சுக்கம்மா. என் பொண்ணு கையில மட்டும் குடுத்துடாத. காரைத் தெறந்து போட்டுட்டுப் போயிடுவா."

அண்ணியின் கை செல்லோவின் கழுத்தில் அப்படியே நின்றது. இத்தனை மறந்தவர் இதை மட்டும் மறக்கவில்லை. தம்பி முன்னால் வந்து நாற்காலியருகே மண்டியிட்டார். "அப்பா, அக்கா தப்புப் பண்ணல. நான்தான்ப்பா எடுத்தேன்."

"நீ யாருப்பா?" என்றார் பெரியவர். "என் பையன் பரீட்சைக்குப் போயிருக்கான். நல்லா வாசிப்பான்."

பேங்க் அம்மா அப்பாவின் காதருகே குனிந்தார். "நான் பூட்டிட்டுத்தான்ப்பா போனேன்."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முன்பின் தெரியாத பெண்மணியிடம் காட்டும் மரியாதையோடு தலையசைத்தார். "நல்லதும்மா. பூட்டணும்."

அண்ணியை வாசிக்கச் சொன்னார்கள். அவர் வில்லை எடுத்தார், கம்பியில் வைத்தார், இழுக்க முடியவில்லை. "இன்னொரு நாள் வர்றேனே" என்று பெட்டியை மூடினார். அவர் கை மறுத்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அண்ணி பழையபடி வேலைக்குப் போகிறார். அதே செல்லோதான். பள்ளி திரும்ப அழைத்தது, நாடகக் கொட்டகையும் அழைத்தது. நால்வர் குழுவுக்கு மட்டும் அவர் போகவில்லை.

சென்ற மாதம் பேங்க் அம்மா அண்ணியிடம் போனில் பேசினார். தம்பியோடு அவருக்கு இன்னும் பேச்சில்லை. இருவரும் அப்பாவைப் பார்க்க வேறு வேறு நாளில்தான் போவார்கள். ஒருநாள் நாள் மாறிப் போய்விட்டாராம். அறைக்குள் தம்பியின் குரல். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்கிறான் என்று அங்கே பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வாசலிலேயே சொன்னாராம். ஒரு பையன் சாவியை எடுத்தான், அக்கா காரைப் பூட்டிவிட்டுப் போனாள், இவன் திறந்தான், பழி அக்கா மேல் விழுந்தது. யாருடைய கதையையோ கேட்பது போலப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டு முடிச்சிட்டு அப்பா சொல்றார், அடப்பாவமே, அந்தப் பொண்ணு எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும்னு."

"நீங்க உள்ள போனீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"போனேன். அப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்தேன். தம்பி எந்திரிச்சுப் போகல. நானும் ஒண்ணும் கேக்கல. அந்தப் பொண்ணு நான்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லி, நான் யாருன்னு ஞாபகம் வந்து, திரும்ப காரைத் தெறந்து போட்டவன்னு ஆரம்பிச்சுட்டார்னா? அதான் சும்மா இருந்துட்டேன்."